லாக்டவுன் தேவைப்பட்டதா, இல்லையா? குமரிக் கடல் கையில் இருக்கும் ஓர் அளவுகோல்!

நாகர்கோவில் வடசேரி பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஏதாவது ஒரு டீக்கடையில், "கொரோனா சமயத்துல லாக்டவுன் போட்டது சரியா?" என்று சும்மா கேட்டுப் பாருங்கள். ரெண்டே நிமிஷத்தில் கடை ரெண்டு அணியாகப் பிரிந்துவிடும். "அது மட்டும் போடலைன்னா நம்மள்ல பாதிப் பேர் இன்னைக்கு இருந்திருக்க மாட்டோம் மக்கா" என்பார் ஒருவர். "நோய் வந்து நொந்தவனைவிட வேலை போயி நொந்தவன்தான் ஜாஸ்தி" என்பார் இன்னொருவர். ரெண்டு பேருமே பொய் சொல்லவில்லை. அவரவர் வீட்டில் நடந்ததை வைத்துத்தான் பேசுகிறார்கள்.

இதைப் படிக்கும் உங்களில் பலர் அப்போது ஸ்கூலில் இருந்திருப்பீர்கள். டல்கோனா காபி, ஆன்லைன் கிளாஸ், லூடோ, கடைசியில் 'ஆல் பாஸ்' என்று அந்த நாள்கள் இப்போது மீம் மெட்டீரியல் ஆகிவிட்டன. ஆனால், இது முடிந்துபோன கதை இல்லை. அடுத்த தொற்று வரும்போது முடிவெடுக்கும் இடத்திலும், அந்த முடிவால் அடிபடும் இடத்திலும் இருக்கப் போவது உங்கள் தலைமுறைதான். அதனால் இந்த விவாதத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பிரித்துப் பார்ப்போமா?

அன்னைக்கு என்ன தெரியும்?

ஒரு முடிவு சரியா தப்பா என்று சொல்வதற்கு முன், அந்த முடிவை எடுத்த நாளில் என்ன தெரிந்திருந்தது என்று பார்க்க வேண்டும். இன்றைய தகவலை வைத்து அன்றைய ஆளைக் குறை சொல்வது சுலபம்.

2020 மார்ச் 24-ம் தேதி இரவு 8 மணிக்குப் பிரதமர் டிவியில் பேசினார். நள்ளிரவு 12 மணியிலிருந்து 21 நாள்களுக்கு நாடு முழுவதும் ஊரடங்கு என்றார். அன்றைக்கு இந்தியாவில் உறுதியான தொற்று சுமார் 500. இறப்பு பத்துப் பேர் அளவில்தான். தமிழ்நாட்டில் அதற்கு முன்பே, அன்று மாலை 6 மணிக்கே 144 தடை உத்தரவு அமலுக்கு வந்துவிட்டது.

"500 பேருக்கு வந்ததுக்கா 130 கோடி பேரைப் பூட்டுனாங்க?" என்று கேட்கத் தோன்றும். ஆனால், அதே நாளில் இத்தாலியில் இறந்தவர்கள் எண்ணிக்கை 6,000-ஐத் தாண்டியிருந்தது. லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வுக்குழு மார்ச் 16 அன்று ஒரு கணிப்பை வெளியிட்டிருந்தது. எதுவுமே செய்யாமல் விட்டால் பிரிட்டனில் 5.1 லட்சம் பேர், அமெரிக்காவில் 22 லட்சம் பேர் இறக்கலாம் என்றது அது. தடுப்பூசி இல்லை. மருந்து இல்லை. நமக்கோ பரிசோதனை லேப்கள் விரல்விட்டு எண்ணும் நிலையில் இருந்து அப்போதுதான் கூட ஆரம்பித்திருந்தன. டாக்டர்கள் போடும் பி.பி.இ. கிட் உள்நாட்டில் தயாராவது ஏறக்குறைய பூஜ்யம்.

கூடவே ஒரு கணக்கு. அப்போதிருந்த வைரஸ் ஒருவரிடமிருந்து சராசரியாக ரெண்டு முதல் மூன்று பேருக்குப் பரவியது. இரண்டரை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவரில் தொடங்கி, பத்தாவது சுற்றில் புதிதாகத் தொற்று வாங்குபவர்கள் 9,500 பேர். மக்கள் ஒருவரையொருவர் சந்திப்பதைப் பாதியாகக் குறைத்தால், இரண்டரை ஒன்றேகால் ஆகிவிடும். அதே பத்தாவது சுற்றில் புதிதாகத் தொற்று வாங்குபவர்கள் 9 பேர்! ஒரு சுற்றுக்கு 5 நாள் என்றால், இந்த வித்தியாசம் 50 நாளில் வந்துவிடும். தொற்று குறைவாக இருக்கும்போதே பிரேக் போட வேண்டும் என்று நிபுணர்கள் சொன்னதற்கு இந்தக் கூட்டுவட்டிக் கணக்குதான் காரணம்.

ஆக, 'ஏதாவது செய்திருக்க வேண்டுமா?' என்ற கேள்விக்கு அன்றைக்கு ஒரே பதில்தான். ஆமாம். சண்டை, அந்த 'ஏதாவது' எது என்பதில்தான்.

லாக்டவுன்னா எந்த லாக்டவுன்?

நாம் ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். ஆனால் அதற்குள் பல விஷயங்கள் இருக்கின்றன. திருவிழா, மாநாடு, கல்யாணக் கூட்டத்தை நிறுத்துவது ஒன்று. பள்ளிக்கூடத்தை மூடுவது வேறு. பஸ், ரயிலை நிறுத்துவது வேறு. கடையை, தொழிற்சாலையை அடைப்பது வேறு. தெருவில் நடந்தாலே லத்தி என்பது முற்றிலும் வேறு.

ஒவ்வொரு நாட்டின் கட்டுப்பாடும் எவ்வளவு கறார் என்று ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகம் 0 முதல் 100 வரை மதிப்பெண் போட்டுவந்தது. 2020 மார்ச் கடைசியில் இந்தியா வாங்கியது 100-க்கு 100. உலகத்திலேயே மிகக் கறாரான ஊரடங்குகளில் ஒன்று நம்முடையது. எனவே நம் ஊருக்கான சரியான கேள்வி, 'கட்டுப்பாடு தேவையா?' என்பதல்ல. 'அந்த முழு 100 மதிப்பெண்ணும் தேவையா?' என்பதே.

'தேவைதான்' அணி சொல்வது என்ன?

முதல் வாதம், நேரம் கிடைத்தது. ஊரடங்கு வைரஸைக் கொல்லாது, தள்ளிப்போடும். அந்த இடைவெளியில் நாடு முழுக்கப் பரிசோதனை லேப்கள் மே மாதக் கடைசியில் 600-ஐத் தாண்டின. பி.பி.இ. கிட் தினமும் 2 லட்சத்துக்கும் மேல் தயாரானது. நம் மாவட்டத்தில் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கும், மற்ற மாவட்ட மருத்துவமனைகளுக்கும் தனி வார்டு, ஆக்சிஜன் படுக்கை என்று தயாராக அந்த அவகாசம் தேவைப்பட்டது.

இரண்டாவது, எண்கள். முதல் ஊரடங்கு 14 முதல் 29 லட்சம் தொற்றுகளையும், 37,000 முதல் 78,000 இறப்புகளையும் தடுத்தது என்று 2020 செப்டம்பரில் மத்திய சுகாதார அமைச்சர் நாடாளுமன்றத்தில் சொன்னார். இது மாதிரிக் கணக்கு, அதாவது 'நடக்காத ஒன்றை' கணித்துச் சொல்வது. அதனால் இந்த எண்ணை எல்லோரும் ஏற்கவில்லை. ஆனால், ஐ.சி.எம்.ஆர் 2020 மே-ஜூனில் எடுத்த ரத்தப் பரிசோதனை ஆய்வில் 0.73 சதவிகிதம் பெரியவர்களுக்குத்தான் தொற்று வந்துபோன தடயம் இருந்தது. பரவல் அப்போது நிஜமாகவே குறைவு.

மூன்றாவது, நோய் சாதாரணமானது இல்லை. கன்னியாகுமரி எம்.பி. ஹெச்.வசந்தகுமார் 2020 ஆகஸ்ட் 28 அன்று சென்னையில் தனியார் மருத்துவமனையில் கொரோனா சிகிச்சையில் இருந்தபோது காலமானார். பணமும் செல்வாக்கும் நல்ல மருத்துவமனையும் இருந்தவர் கதையே அப்படி. அவர் சொந்த ஊரான அகஸ்தீஸ்வரத்தில் உடல் அடக்கம் செய்யப்பட்ட அன்று, 'கொரோனாவே கட்டுக்கதை' என்று பேசிக்கொண்டிருந்த பலர் மாவட்டத்தில் வாய் மூடினார்கள்.

நான்காவது, கட்டுப்பாடு தளர்ந்தபோது நடந்ததும் நம் கண் முன்னால்தான். அவர் இறந்ததால் காலியான அதே தொகுதிக்கு 2021 ஏப்ரல் 6-ல், சட்டமன்றத் தேர்தலோடு சேர்த்து இடைத்தேர்தல் நடந்தது. தமிழ்நாடு முழுக்கப் பிரசாரக் கூட்டங்கள் களைகட்டின. மாஸ்க் தாடைக்கு இறங்கியது. அடுத்த ஆறு வாரத்தில், மே 21-ம் தேதி, தமிழ்நாட்டின் ஒருநாள் தொற்று 36,184. படுக்கை கிடைக்காமல் ஆம்புலன்ஸ்கள் வரிசையில் நின்ற அந்த நாள்களை யாரும் மறந்திருக்க மாட்டோம். டெல்டா வகை வைரஸ் வேகமானது என்பது முக்கியக் காரணம். கூட்டம் அதற்கு எண்ணெய் ஊற்றியது.

'தேவையில்லை' அணி சொல்வது என்ன?

இந்தப் பக்கமும் கனமான வாதங்கள்தான்.

நான்கு மணி நேரம். நாட்டையே நிறுத்த நமக்குக் கிடைத்த அவகாசம் அவ்வளவுதான். வெளியூரில் வேலை பார்த்தவன் ஊருக்கு வர முடியவில்லை. பின்னர் மத்திய அரசே நாடாளுமன்றத்தில் சொன்ன கணக்கின்படி, ஒரு கோடிக்கும் மேற்பட்ட புலம்பெயர் தொழிலாளர்கள் ஊர் திரும்பினார்கள். கணிசமானவர்கள் நடந்தே போனார்கள். மகாராஷ்டிராவில் தண்டவாளத்தில் களைத்துத் தூங்கிய 16 பேர் மீது 2020 மே 8 அதிகாலை சரக்கு ரயில் ஏறியது. அவர்கள் இறப்பு எந்தக் கொரோனா கணக்கிலும் வராது.

அவசரமாக அடைப்பது சில நேரம் தொற்றைக் கூட்டவே செய்யும். கோயம்பேடு ஞாபகம் இருக்கிறதா? 2020 ஏப்ரல் 26 முதல் சென்னை உள்ளிட்ட நகரங்களில் 4 நாள் முழு ஊரடங்கு என்று அறிவித்தார்கள். முந்தின நாள் 25-ம் தேதி காய்கறி வாங்க மொத்த நகரமும் சந்தைக்குப் போனது. சில நாள்களில் கோயம்பேடு மார்க்கெட் பெரிய தொற்று மையமாகி, மே 5-ல் மூடப்பட்டது. அங்கிருந்து லாரியோடும் தொழிலாளிகளோடும் தொற்று பல மாவட்டங்களுக்குப் போனது.

அடுத்தது, கொரோனா அல்லாத நோய்கள். 2019-ல் நாட்டில் சுமார் 24 லட்சம் காசநோயாளிகள் பதிவானார்கள். 2020-ல் அது சுமார் 18 லட்சம். நோய் குறைந்துவிடவில்லை, கண்டுபிடிப்பதுதான் குறைந்தது. குமரிக்காரர்களுக்கு இது இன்னும் நன்றாகப் புரியும். இதயம், மூளை, புற்றுநோய் என்றால் நம்மில் பலர் நம்பிப் போவது திருவனந்தபுரத்துக்கு. மார்த்தாண்டத்திலிருந்து சுலபமாகப் போய்வரும் அந்தப் பயணம், களியக்காவிளையில் தடுப்பு விழுந்ததும் வெளிநாட்டுப் பயணம் மாதிரி ஆனது. மாநிலத்துக்குள்ளேயே மாவட்டம் விட்டு மாவட்டம் போக, 2020 ஆகஸ்ட் கடைசி வரை இ-பாஸ் வேண்டியிருந்தது.

பொருளாதாரம் பற்றி ஒரே எண் போதும். 2020 ஏப்ரல்-ஜூன் காலாண்டில் நாட்டின் ஜி.டி.பி. முந்தைய ஆண்டைவிட 23.9 சதவிகிதம் சுருங்கியதாக முதல் மதிப்பீடு வந்தது.

பள்ளிக்கூடம்? ஒன்று முதல் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தமிழ்நாட்டில் பள்ளி மறுபடி திறந்தது 2021 நவம்பர் 1-ல். 19 மாதங்களுக்கு மேல்! அதற்குள் டாஸ்மாக் எத்தனை முறை திறந்து மூடித் திறந்தது என்பதையும் யோசித்துப் பாருங்கள். ஒன்றாம் வகுப்பில் 'அ' எழுதக் கற்க வேண்டிய பிள்ளை, நேராக இரண்டாம் வகுப்பு பெஞ்சில் வந்து உட்கார்ந்தது. வீட்டில் ஒரே போன், அதையும் அப்பா வேலைக்கு எடுத்துப் போய்விடுவார் என்ற வீடுகளில் ஆன்லைன் கிளாஸ் வெறும் பேச்சு.

கடைசியாக, லத்தி. தூத்துக்குடி மாவட்டத்தில், சாத்தான்குளத்தில், ஊரடங்கு நேரத்தை மீறிக் கடை திறந்து வைத்ததாகச் சொல்லி 2020 ஜூன் 19-ல் பிடித்துச் செல்லப்பட்ட தந்தையும் மகனும் உயிரோடு திரும்பவில்லை. சி.பி.ஐ. விசாரித்து, காவலர்கள் மீது கொலைக் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது. தமிழ்நாடு முழுக்க ஊரடங்கை மீறியதாகப் போடப்பட்ட வழக்குகள் மட்டும் சுமார் 10 லட்சம். அவற்றில் பெரும்பாலானவற்றைத் திரும்பப் பெறுவதாக 2021 பிப்ரவரியில் அரசே அறிவித்தது. கட்டாயம் தேவை என்று போட்ட வழக்குகளைக் கொத்தாகக் கைவிட முடிகிறது என்றால், அதில் எத்தனை உண்மையிலேயே தேவைப்பட்டன?

கடல் ஏற்கெனவே ஒரு லாக்டவுன் பார்த்திருக்கிறது

ரெண்டு பக்கமும் கேட்டாச்சு. இப்போது எதை வைத்து அளப்பது? அதற்கு வெளிநாடு போக வேண்டாம். சின்னமுட்டத்துக்கும் குளச்சலுக்கும் போனால் போதும்.

ஒவ்வொரு வருஷமும் நம் கடலில் ஒரு ஊரடங்கு நடக்கிறது. மீன்பிடித் தடைக்காலம். மீன்கள் இனப்பெருக்கம் செய்யும் காலத்தில் விசைப்படகுகள் 61 நாள் கடலுக்குப் போகக் கூடாது. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. தமிழ்நாட்டில் ரெண்டு தேதியும் பொருந்தும் ஒரே மாவட்டம் நம்முடையது. சின்னமுட்டத்துக்குக் கிழக்குத் தேதி. முட்டம், குளச்சல், தேங்காய்ப்பட்டணத்துக்கு மேற்குத் தேதி.

கஷ்டம் இல்லையா? உண்டு. ரெண்டு மாதம் வருமானம் இல்லை. அரசு தரும் நிவாரணம் போதாது என்று ஒவ்வொரு வருஷமும் குரல் எழும். அப்படியும் இந்தத் தடை பெரும்பாலும் நடக்கிறது. ஏன்? ஐந்து காரணங்கள் சொல்லலாம்.

ஒன்று, தேதி முன்கூட்டியே தெரியும். ஐஸ் வாங்குவதா, கடன் வாங்குவதா, வலை பின்னுவதா என்று எல்லாவற்றையும் திட்டமிட முடியும்.

இரண்டு, காரணம் எல்லோருக்கும் புரியும். இன்னைக்கு சினை மீனைப் பிடித்தால், நாளைக்கு வலை காலி.

மூன்று, இடத்துக்கு ஏற்ற விதி. கிழக்குக் கடலும் மேற்குக் கடலும் ஒன்றல்ல, அதனால் தேதியும் ஒன்றல்ல.

நான்கு, ஆபத்துக்கு ஏற்ற விதிவிலக்கு. விசைப்படகுக்குத்தான் தடை. வள்ளமும் கட்டுமரமும் போகலாம்.

ஐந்து, இழப்பீடும் முடிவுத் தேதியும் உண்டு. கொஞ்சமோ நிறையவோ, நிவாரணம் வரும். 61-வது நாள் முடிந்ததும் படகு கிளம்பும்.

இப்போது இந்த ஐந்தையும் 2020 மார்ச் ஊரடங்கின் மீது வைத்துப் பாருங்கள்.

முன்னறிவிப்பு நான்கு மணி நேரம். காரணம் ஓரளவு புரிந்தது. ஆனால், மணக்குடி கடற்கரையில் தனியாக வலை வீசுபவருக்கும் சென்னை ரங்கநாதன் தெருவுக்கும் ஒரே விதி என்றால், 'ஏன்' என்ற கேள்விக்குப் பதில் இல்லை. திறந்தவெளியில் காற்று அடித்துக்கொண்டிருக்கும் கடலில் ஆபத்து குறைவு. ஆபத்து இருந்தது கரையில், ஏலக்கூடத்தில், தோளோடு தோள் உரசும் அந்த அரை மணி நேரத்தில். விதி ஏலத்தை ஒழுங்குபடுத்தியிருந்தால் போதும். முதலில் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, ஏப்ரல் 10-ல்தான் மத்திய உள்துறை மீன்பிடித் தொழிலுக்கு விலக்கு அளித்தது. ஐந்தாவது நாள், ஏப்ரல் 15. கிழக்குக் கரையில் வழக்கமான தடைக்காலம் தொடங்கிவிட்டது! சின்னமுட்டம் விசைப்படகுக்காரருக்கு அந்த விலக்கு வந்தும் ஒன்றுதான், வராவிட்டாலும் ஒன்றுதான்.

ஆனால் இதிலேயே ஒரு நல்ல பாடமும் உண்டு. இரட்டை அடி விழுவதைப் பார்த்த மத்திய அரசு, அந்த வருஷம் தடைக்காலத்தை 61 நாளிலிருந்து 47 நாளாகக் குறைத்தது. கிழக்கே மே 31-ல் முடிந்தது, மேற்கே ஜூன் 15-ல்தான் தொடங்கியது. அதாவது, சூழலைப் பார்த்து விதியை வளைக்க முடியும். வளைத்தால் ஒன்றும் கெட்டுப்போய்விடாது.

ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுபவர்கள் கதையும் இதேதான். விடிவதற்கு முன் நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு ஒரு ஆள் மரம் மரமாகத் தனியாக நடக்கும் வேலை அது. சமூக இடைவெளி அந்த வேலையிலேயே இருக்கிறது. 'அண்டி ஆபீஸ்' என்று நாம் சொல்லும் முந்திரி ஆலை அப்படி இல்லை. பெண்கள் நெருக்கமாக உட்கார்ந்து தோல் உரிக்கும் மூடிய கூடம். ஆபத்து அங்கேதான் அதிகம். ஏப்ரல் 15-ல் வந்த மத்திய அரசின் விதிமுறை ரப்பர், முந்திரி ரெண்டையும் ஒரே வரியில் சேர்த்து, '50 சதவிகிதப் பணியாளர்களோடு நடத்தலாம்' என்றது. தமிழ்நாடு அரசோ மே 3 வரை பொதுவாகத் தளர்வு இல்லை என்றது. தோவாளைப் பூ விவசாயிக்கு இதெல்லாம் காத்திருக்கும் விஷயமே இல்லை. கோயில் நடை சாத்தி, கல்யாணம் வீட்டுக்குள் சுருங்கினால், இன்று பறித்த பிச்சிப்பூவை அடுத்த வாரம் விற்க முடியுமா?

நிவாரணம்? அரிசி கார்டுக்கு 1,000 ரூபாயும், ஏப்ரல் மாத ரேஷன் பொருள்கள் இலவசமாகவும் மாநில அரசு தந்தது. மத்திய அரசு ஆளுக்கு மாதம் 5 கிலோ தானியம் தந்தது. பட்டினி பெரிய அளவில் வராமல் காத்தது இந்த ரேஷன் கடை வலைப்பின்னல்தான். ஆனால் வாடகை, வட்டி, மகளிர் குழுத் தவணை எதற்கும் 1,000 ரூபாய் காணாது. முடிவுத் தேதியோ ஏப்ரல் 14, மே 3, மே 17, மே 31 என்று நகர்ந்துகொண்டே போனது.

மதிப்பெண் போட்டால்? தேவைக்குப் பாஸ். நடத்திய விதத்துக்கு அரியர்!

பூந்துறை சொல்லும் பாடம்

"விதியை மென்மையாப் போட்டா யார் கேப்பா? கறாரா இருந்தாத்தான் அடங்குவாங்க" என்பது இன்னொரு வாதம். இதற்கு எல்லையைத் தாண்டி ஒரு உதாரணம் இருக்கிறது.

2020 ஜூலையில் திருவனந்தபுரத்தின் பூந்துறை மீனவக் கிராமத்தில் தொற்று வேகமாகப் பரவியது. வீட்டோடு வீடு ஒட்டிய கடற்கரைக் குடியிருப்பு, நம் கடலோர ஊர்கள் மாதிரியே. ஜூலை 17-ல் பூந்துறை, புல்லுவிளைப் பகுதிகளில் சமூகப் பரவல் நடந்துவிட்டதாகக் கேரள முதல்வரே அறிவித்தார். அதற்கு முன்பே அங்கே கமாண்டோக்களை இறக்கி ஊரைப் பூட்டினார்கள். விளைவு? சாமான் வாங்கவும் வழியில்லை, ஊருக்கே கெட்ட பெயர் என்று கொதித்த மக்கள் ஜூலை 10-ல் தெருவில் இறங்கிவிட்டார்கள். கூட்டத்தைத் தடுக்கப் போட்ட பூட்டே கூட்டத்தைக் கூட்டியது. பிறகு பேச்சுவார்த்தை நடந்தது. அடுத்த சில நாள்களில் அதே ஊர் மக்கள் மருத்துவக் குழுவைப் பூத்தூவி வரவேற்றார்கள்.

இங்கே ரெண்டு விஷயம் கவனியுங்கள். தொற்று உண்மை, கட்டுப்பாடும் தேவை. ஆனால், துப்பாக்கியால் கிடைக்காத ஒத்துழைப்பு பேச்சால் கிடைத்தது. நம் மாவட்டத்தில் 2011 கணக்குப்படி ஒரு சதுர கிலோமீட்டருக்கு 1,100 பேருக்கு மேல். இவ்வளவு நெருக்கத்தில் 'வீட்டுக்குள்ளேயே தனியா இரு' என்பது ஒரே அறை உள்ள வீட்டில் நடக்காத காரியம். நோய் வந்தவருக்குத் தங்க ஓர் இடம், வீட்டுக்குச் சாப்பாடு, வேலைக்குப் போகாத நாளுக்குக் கூலி. இது மூன்றும் இருந்தால் பூட்டு தேவைப்படாது.

சரி, ஸ்வீடன்?

இந்த விவாதத்தில் ஸ்வீடன் பெயர் வராமல் இருக்காது. "அவங்க லாக்டவுனே போடல, என்ன ஆச்சு?" என்பார்கள். பாதி உண்மை. அங்கே 50 பேருக்கு மேல் கூடத் தடை இருந்தது. மேல்நிலை வகுப்புகளும் கல்லூரிகளும் ஆன்லைனுக்குப் போயின. ஆனால் சின்னப் பிள்ளைகளின் பள்ளிகள் திறந்தே இருந்தன, வீட்டை விட்டு வெளியே வராதே என்று யாரையும் கட்டாயப்படுத்தவில்லை.

2020-ல் பக்கத்து நாடுகளான நார்வே, பின்லாந்தைவிட ஸ்வீடனில் இறப்பு விகிதம் பல மடங்கு. முதியோர் இல்லங்களைக் காப்பாற்றத் தவறினார்கள். ஆனால் 2020 முதல் 2022 வரை மூன்று வருஷத்தையும் சேர்த்து, வழக்கத்தைவிடக் கூடுதலாக இறந்தவர்களைக் கணக்கிட்டால், ஐரோப்பாவின் குறைவான நாடுகள் வரிசையில் ஸ்வீடன் வருகிறது. அவர்களே அமைத்த விசாரணைக் கமிஷன் 2022 பிப்ரவரியில் சொன்ன தீர்ப்பு சுவாரஸ்யம். மக்களைக் கட்டாயப்படுத்தாமல் நம்பியது சரி, ஆனால் ஆரம்பத்தில் இன்னும் சீக்கிரமாக, இன்னும் உறுதியாகச் செயல்பட்டிருக்க வேண்டும்!

மறுமுனையில் நியூசிலாந்து. 48 மணி நேர முன்னறிவிப்பு, சம்பளத்துக்கு அரசு மானியம், சுமார் ஐந்து வாரக் கறாரான ஊரடங்கு. பெரிய இழப்பில்லாமல் தப்பித்தார்கள். அது சுற்றிலும் கடல் சூழ்ந்த, 50 லட்சம் பேர் உள்ள நாடு என்பதும் உண்மை.

ஆராய்ச்சியாளர்களும் இன்னும் ஒரே முடிவுக்கு வரவில்லை. ஊரடங்கால் இறப்பு குறைந்தது மிகச் சொற்பமே என்று 2022-ல் மூன்று பொருளாதார நிபுணர்கள் பல ஆய்வுகளைத் தொகுத்துச் சொன்னார்கள். அவர்கள் எந்த ஆய்வுகளைச் சேர்த்தார்கள், எவற்றை விட்டார்கள் என்பது கடுமையாக விமர்சிக்கப்பட்டது. 2023-ல் பிரிட்டனின் ராயல் சொசைட்டி வெளியிட்ட அறிக்கை, மாஸ்க், இடைவெளி, கூட்டக் கட்டுப்பாடு எல்லாம் சேர்ந்து, தொற்று குறைவாக இருக்கும்போதே போடப்பட்டால் நன்றாக வேலை செய்தன என்றது. ரெண்டையும் சேர்த்துப் படித்தால் ஒன்று புரியும். எவ்வளவு கறார் என்பதைவிட எவ்வளவு சீக்கிரம், எவ்வளவு பொருத்தம் என்பதுதான் முக்கியம்.

2021-ல் கொஞ்சம் கற்றுக்கொண்டோம்

இதற்குத் தமிழ்நாட்டிலேயே சாட்சி உண்டு. இரண்டாவது அலையில் மே 10 முதல் ஊரடங்கு என்று மே 8-ம் தேதியே அறிவித்தார்கள். தளர்வில்லா ஊரடங்கு மே 24-ல் தொடங்கும் முன், ரெண்டு நாள் கடைகளையும் பஸ்களையும் இரவு வரை ஓட விட்டார்கள். வெளியூரில் இருந்தவர்கள் ஊர் வந்து சேர முடிந்தது. ஊரடங்கில் காய்கறி வண்டிகள் தெருவுக்கே வந்தன. கார்டுக்கு 2,000 வீதம் ரெண்டு தவணையாக 4,000 ரூபாய் கிடைத்தது. ஜூன் கடைசியில் ஒருநாள் தொற்று 5,000-க்குக் கீழே இறங்கியது.

இதற்கு ஊரடங்கு மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. அந்த ஜூன்-ஜூலையில் எடுத்த மாநில அரசின் ஆய்வில், 66 சதவிகிதம் பேரிடம் எதிர்ப்புப் புரதம் இருந்தது. அதாவது, நோய் பெரும்பாலான வீடுகளுக்குள் போய் வந்துவிட்டது. ஆனால் அதே ஊரடங்கை, அவ்வளவு அவமானமும் அலைச்சலும் இல்லாமல் நடத்த முடியும் என்பது நிரூபணம் ஆனது. 2020-லும் அது முடிந்திருக்கும்.

அடுத்த தடவை என்ன கேக்கணும்?

நம் பக்கத்து மாநிலத்தில் நிபா வைரஸ் 2018-லிருந்து அவ்வப்போது தலைகாட்டுகிறது. 2023 செப்டம்பரில் கோழிக்கோட்டில் வந்தபோது கேரளா மொத்த மாநிலத்தையும் பூட்டவில்லை. குறிப்பிட்ட ஊராட்சிகளை மட்டும் தடுத்தது, மாவட்டப் பள்ளிகளுக்கு விடுமுறை விட்டது, நோயாளிகளோடு பழகியவர்களைத் தேடிப்பிடித்துக் கண்காணித்தது. நிபா கொரோனா அளவுக்கு வேகமாகப் பரவாது என்பதால் அது போதுமானதாக இருந்தது. நோய்க்கு ஏற்ற பூட்டு!

எனவே, 'லாக்டவுன் தேவைப்பட்டதா?' என்று யாராவது கேட்டால், ஆமாம், இல்லை என்ற ஒற்றை வார்த்தைக்குள் சிக்காதீர்கள். கூட்டத்தை உடனே நிறுத்தியது தேவைதான். ஆரம்பத்தில் சில வார இடைவெளி கிடைத்ததும் நல்லதுதான். நான்கு மணி நேர அவகாசம், கடலுக்கும் சந்தைக்கும் ஒரே விதி, 19 மாதம் மூடிய தொடக்கப் பள்ளி, லத்தி, 10 லட்சம் வழக்கு... இதில் எதுவும் வைரஸ் கேட்டது இல்லை.

அடுத்த முறை ஒரு தடை அறிவிப்பு உங்கள் போனில் வந்தால், தடைக்காலத்தில் விசைப்படகுக்காரர் கேட்கும் அதே கேள்விகளைக் கேளுங்கள். எப்போ தொடங்குது, ஏன் போடுறாங்க, எங்க ஊருக்கு இது பொருந்துமா, யாருக்கு விலக்கு, எவ்வளவு நிவாரணம், எப்போ முடியும்? இந்த ஆறுக்கும் பதில் இருக்கிற தடைக்குக் கட்டுப்படுங்கள், பக்கத்து வீட்டுக்காரரையும் கட்டுப்படச் சொல்லுங்கள். பதில் இல்லை என்றால், மாஸ்க்கைப் போட்டுக்கொண்டே சத்தமாகக் கேளுங்கள்!